தேவராஜ் கொண்டுவந்த சேவல்

பெண்டாட்டியை இன்றைக்கு ஏமாற்றியே தீருவது என்று முடிவு செய்துகொண்டுதான் அன்று காலையில் எழுந்தேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் புளி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து போளூருக்கு லாரியில் போனேன். மலைப்பாதைத் திருப்பத்தில் டிரைவர் வேகத்தைக் குறைக்கவில்லை. லாரி ஒரு வழியாக இறங்கியது, நான் வேறு வழியாக இறங்கினேன். வலது முட்டி போயிற்று. ஆஸ்பத்திரி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து, "இனிமே இந்தக் கால் மடங்காதுப்பா. மரம் ஏறுறதை மறந்துடு" என்றார். எங்கள் மலையில் புளியமரம் ஏற என்னை விட்டால் ஆள் கிடையாது என்று பேர். சீட்டைக் கூரையில் செருகினேன். "ஒரு வருசத்துல மரம் ஏறலாமாம்" என்று பாஞ்சாலையிடம் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்ல?

இன்று லாரி முதலாளி தேவராஜ் சமாதானம் பேச வருகிறார், சேவலோடு. எங்கள் வழக்கத்தில் காயம் பண்ணினவனும் காயம் பட்டவனும் ஒரே சட்டிக் கறியைத் தின்றுவிட்டால் பிராது தீர்ந்தது. எனக்கும் அதுதான் வேண்டும். நஷ்டஈடு என்று கோர்ட்டுக்குப் போனால் டாக்டர் சீட்டை உரக்கப் படிப்பார்களே! பாஞ்சாலைக்குத் தெரிந்துவிடுமே!

முதலாளி வந்ததும் அவர் எதிரில் ஊன்றுகோலை எறிந்துவிட்டு நடந்தேன். உயிர் போயிற்று. சிரித்து வைத்தேன்.

"கால் இன்னா சொல்லுது ரங்கசாமி?"

"ஒண்ணுமில்லீங்க. மான் மாதிரி கீறேன்."

இலை போட்டாயிற்று. உட்கார்ந்தால் என் கால் நேரே நீண்டு முதலாளியின் இலையைத் தொட்டது. துண்டால் மூடினேன். பாஞ்சாலை களியும் கீரையும் வைத்தாள்.

"கறி எங்கடி?"

"சேவலு வெளிய மேயுது."

"அறுக்கலியா?"

அவள் முதலாளி பக்கம் திரும்பினாள். "கால் மடங்கி சம்மணம் போட்டு உக்கார்ற வரைக்கும் கவுச்சி தொடமாட்டேன்னு மாரியாத்தாளுக்கு வேண்டிக்கினு கீறாருங்க. சாமி காரியம். நீங்க சேவலை எடுத்துக்கினு போங்க."

முதலாளி என் துண்டையே பார்த்தார். சாப்பிடாமல் எழுந்து, சேவலைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

"அடிப்பாவி! நான் எப்ப வேண்டிக்கிட்டேன்?"

"உன் பேருல நாந்தான். காலையில கோயிலுக்குப் போய் சூடம் ஏத்தி நெசமாவே வேண்டிக்கினேன். சாமி பேரைச் சொல்லி பொய் சொல்ல முடியுமா?"

"நஷ்டஈடு?"

"கூரையில சொருவுன சீட்டை வாத்தியாரு படிச்சு சொல்லி நாலு மாசம் ஆவுது. ரேஷன் கார்டுக்குன்னு உங்கிட்ட கைநாட்டு வாங்கினனே, அது வக்காலத்து. வக்கீலு கோபால்சாமி கேஸ் போட்டுட்டாரு. இல்லாட்டி அந்தாளு இன்னாத்துக்கு சேவலைத் தூக்கிக்கினு மலையேறுறாரு?"

"நாலு மாசமா தெரியுமா? அழுவலியா நீ?"

"தண்ணிக்குப் போறப்பல்லாம் அழுவுறேன். நீயும் அந்நேரந்தான் வூட்ல அழுவுற. எனக்குத் தெரியாதா?"

அப்புறம் இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுதோம். என் மூக்கை அவள் முந்தானையாலேயே துடைத்துவிட்டாள். களி ஆறிப்போயிற்று.

கேஸ் எப்போது முடியுமோ தெரியாது. டாக்டர் சொன்னபடி கால் மடங்கப் போவதில்லை, பாஞ்சாலை சொன்னபடி இந்த ஜென்மத்தில் எனக்குக் கறிச்சோறும் இல்லை.