நாலு மச்சானும் ஒரு படகும்

உலகத்தில் ஏதாவது ஓர் இடத்தில் தாம் சொல்ல, நாலு பேர் மறுபேச்சில்லாமல் கேட்க வேண்டும் என்று சிவபிரகாஷ் தீர்மானம் செய்தபோது அவருக்கு வயது ஐம்பத்து நாலு. வீட்டில் அந்த இடம் காலியில்லை. இருபத்தேழு வருஷமாக அதில் பாண்டீஸ்வரி இருந்தாள். நாச்சியாபுரத்தில் அவர் வைத்திருந்த சிமெண்டுக் கடையிலும் பலிக்கவில்லை. வந்தவர்கள் சிமெண்டு வாங்கினார்களே தவிர, அவர் சொன்ன சிமெண்டை வாங்கவில்லை.

அப்போதுதான் மரியப்பன் சார் வந்தார். ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். பள்ளிக்கூடத்தை விட்டு ஆறு வருஷமாகியும் விசில் அவர் கழுத்தை விட்டு இறங்கவில்லை. தூக்கத்தில் குறட்டைகூட விசிலில்தான் வரும் என்று ஊரில் பேச்சு.

"சென்னையில ஒரு படகு மன்றத்துல பழைய படகைக் கழிக்கிறாகளாம், சிவபிரகாசு. நாலு பேரு துடுப்பு வலிக்கிறது. திருப்புறதுக்குச் சுக்கான் மட்டும் இல்ல. எடுத்துட்டுப் போனாப் போதும்ங்கிறாக. நம்ம கண்மாயும் இந்த வருஷம் நெறஞ்சு கெடக்கு. ஊருக்குன்னு ஒரு மன்றம் வச்சா என்ன?"

"அந்தப் படகுல எத்தனை சீட்டு சார்?"

"அஞ்சு."

"அஞ்சாவது ஆளு என்ன செய்வாரு?"

"ஒண்ணும் செய்ய மாட்டாரு. மத்த நாலு பேரையும் பாத்து உக்காந்துக்கிட்டு, எப்படி வலிக்கணும்னு வாயால சொல்லுவாரு. அவுக கேப்பாக. அம்புட்டுத்தான்."

சிவபிரகாஷுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. தமக்கென்றே செய்த சீட்டு சென்னையில் கிடந்திருக்கிறது. இது தெரியாமல் இத்தனை வருஷம் சிமெண்டு விற்றிருக்கிறார்.

மன்றம் பிறந்தது. சம்பளமில்லாத தலைவர் சிவபிரகாஷ். சம்பளமில்லாத செயலாளர் மரியப்பன் சார். துடுப்புப் போடத்தான் ஆளில்லை. கேட்டவர்களெல்லாம், "படகேறி எங்க போறது? அக்கரையிலயும் நம்ம ஊருதானே" என்றார்கள். கடைசியில் ஒத்துக்கொண்டவர்கள் குழந்தைவேலு, தங்கச்சாமி, மருதுபாண்டி, அழகு. நாலு பேரும் பாண்டீஸ்வரியின் கூடப்பிறந்தவர்கள். முதல் மூவர் அவளுக்கு அண்ணன்மார், அழகு தம்பி. ஆகவே சிவபிரகாஷுக்கு நாலு பேரும் மச்சான். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை கேட்டு முடியாதென்று சொல்ல அவர்களுக்கு நாக்கு எழவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை. துடுப்புப் போடுகிற நால்வரும் படகு போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். அதுதான் முறை. சிவபிரகாஷ் பின்கோடியில், அவர்களுக்கு எதிர்முகமாக, ராஜா மாதிரி உட்கார்ந்தார்.

"வலது பக்கம் வலிங்க" என்றார்.

அவருக்கு வலது, அவர்களுக்கு இடது. படகு திருதிருவென்று விழித்தது. இரண்டாமவரான தங்கச்சாமி மட்டும் பதில் சொன்னார்.

"எனக்கு இடது பக்கம்தான் மாப்ளே ரெண்டு நாளா வலிக்குது."

சரி, அங்குட்டு இங்குட்டு என்று சொல்லிப் பார்த்தார். அவருடைய அங்குட்டு அவர்களுக்கு இங்குட்டாக இருந்தது. பிறகு ஆளைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று, "மச்சான், வலிங்க" என்றார். நாலு பேரும் வலித்தார்கள். "மச்சான், நிறுத்துங்க" என்றார். நாலு பேரும் நிறுத்தினார்கள்.

பேர் சொல்லிக் கூப்பிடலாமே என்பீர்கள். பெண் கொடுத்த வீட்டு மூத்த மச்சான்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் எந்த முகத்தோடு அந்த வீட்டில் கை நனைப்பது? இளையவன் அழகை மட்டும்தான் கூப்பிட முடியும். கூப்பிட்டார்.

"அழகு. அழகு."

தங்களைத்தான் பாராட்டுகிறார் என்று மற்ற மூவரும் பின்னி எடுத்துவிட்டார்கள். படகு நேரே போய்க் கண்மாய்க்குள் நின்ற கருவேல மரத்தில் ஏறியது.

மூன்று ஞாயிறு இப்படியே. படகு நின்ற இடத்திலேயே சுற்றிய சுற்றில், பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த இரண்டு முக்குளிப்பான் குருவிகள் தலைசுற்றிக் கரையேறி ஒக்கூருக்கு நடந்தே போய்விட்டன. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மரியப்பன் சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினார்.

"அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் தொடக்க விழா. சுத்துப்பட்டு ஊரெல்லாம் வருது. வர்ற ஞாயித்துக்கிழமை படகு மடை வரைக்கும் நேராப் போயித் திரும்பணும், சிவபிரகாசு. இல்லேன்னா அந்தச் சீட்டுல வேற ஆளத்தான் போடணும்."

சிவபிரகாஷ் கணக்குப் போட்டார். தலைவர் பதவி போனால் போகட்டும். சீட்டு போகலாமா?

வீட்டில் பாண்டீஸ்வரி அவர் சட்டையிலிருந்து முள் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, படகுல போறவுகளுக்கு எப்படிங்க முள்ளுத் தைக்கும்?"

"அது மீன் முள்ளு."

"மீன் முள்ளுல கருவேலம்பூ ஒட்டிக்கிட்டிருக்கு."

அவள் விடவில்லை. அவளுக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டால், அடிமண் தெரிகிற வரை தோண்டுவாள்.

"எங்க அண்ணன்மாரு ஏன் முதுகைக் காட்டி உக்காந்து போறாக?"

"அப்பத்தான் வலிக்க வரும்."

"அப்ப எங்க போறோம்னு அவுகளுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்ல."

"ஓ" என்றாள். கொஞ்சம் நீளமான ஓ. "அந்தச் சீட்டுல யாரு வேணும்னாலும் உக்காரலாமா?"

"யாரு வேணும்னாலுமா? சொன்னா நாலு பேரும் கேக்கணும். அந்த மாதிரி ஆளுதான் உக்கார முடியும்."

"ஓ" என்றாள் மறுபடியும்.

சிவபிரகாஷ் தம் தந்திரத்தை அவிழ்த்தார். காதும் காதும் வைத்த மாதிரி மெதுவாக.

"ஏன் பாண்டி, ஒங்க அண்ணன் தம்பிய நீ எப்படிக் கூப்பிடுவே?"

அவள் கை நின்றது. "இருபத்தேழு வருஷமாக் கேக்காதத இன்னைக்குக் கேக்குறீக."

"சும்மா. தெரிஞ்சுக்கிறலாம்னு."

"மூத்தவுக பெரியண்ணே. அடுத்தவுக நடுவண்ணே. மருதுபாண்டியண்ணன் சின்னண்ணே. அழகு, தம்பி. ஒரு சத்தம் குடுத்தா ஒருத்தருதான் திரும்புவாக."

சிவபிரகாஷுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு சத்தம், ஓர் ஆள். வாரம் முழுக்கக் கடையில் மனப்பாடம் செய்தார். பத்து மூட்டை சிமெண்டு கேட்டு வந்த ஆத்தங்குடிக்காரரிடம், "நடுவண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்றார். அவர் குடும்பத்துக்கே மூத்தவராம். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறு வந்தது. "நானும் வேடிக்கை பாக்க வாரேன்" என்று பாண்டீஸ்வரியும் வந்து மரியப்பன் சார் பக்கத்தில் கரையில் நின்றாள். படகு தண்ணீரில் இறங்கியது. சிவபிரகாஷ் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பெரியண்ணே, ரெண்டு வலி வலிங்க."

நாலு துடுப்பும் அந்தரத்தில் நின்றன.

"மாப்ளே" என்றார் குழந்தைவேலு. "இப்ப என்ன சொன்னீக?"

"பெரியண்ணேன்னு…"

"நான் ஒங்களுக்கு அண்ணன்னா, எந்தங்கச்சி ஒங்களுக்கு என்ன வேணும்?"

சிவபிரகாஷ் யோசித்தார். விடை கிடைத்தது. வாயில்தான் வரவில்லை.

"தாலி கட்டும்போது நான் பின்னாடிதான் நின்னேன்" என்றார் தங்கச்சாமி. "அப்ப ஒண்ணும் சொல்லலையே."

மருதுபாண்டி துடுப்பைப் படகுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு கையைக் கட்டினார். "மொறைய மாத்துற படகுல நான் வலிக்க மாட்டேன்."

"அதெல்லாம் இருக்கட்டும் மச்சான்" என்றான் அழகு. அவனுக்கு நிஜமாகவே சந்தேகம். "ஒங்க மகன் இனிமே என்னைய மாமான்னு கூப்பிடுவானா, சித்தப்பான்னு கூப்பிடுவானா?"

விவாதம் சூடு பிடித்தது. குழந்தைவேலு எழுந்தே நின்றுவிட்டார். படகு ஆகாயத்தாமரையை நோக்கிப் பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. மரியப்பன் சார் விசில் ஊதினார். உறவுமுறையே போய்க்கொண்டிருக்கும்போது விசில் யாருக்குக் கேட்கும்?

"பெரியண்ணே, உக்காருங்க."

கரையிலிருந்து வந்த குரல். குழந்தைவேலு உட்கார்ந்தார்.

"அவுக ஏதோ ஆசையில கூப்பிட்டுட்டாக, விடுங்க. சின்னண்ணே, துடுப்பைத் தண்ணியில போடுங்க. நடுவண்ணே, நீங்க மட்டும் ரெண்டு வலி. போதும். தம்பி, வாயப் பாக்காத, வலி."

படகு முகத்தைத் திருப்பியது. நூல் பிடித்தாற்போல் மடைக்குப் போனது. மடையைத் தொட்டுத் திரும்பியது. கரை சேரும்வரை சிவபிரகாஷ் அந்தச் சீட்டில் வாயைத் திறக்கவேயில்லை. படகு முதல் தடவையாக நேராகப் போனதும் அன்றுதான்.

மரியப்பன் சார் ஆறு வருஷத்தில் முதன்முறையாக விசிலைக் கழற்றிப் பாண்டீஸ்வரி கையில் கொடுத்தார்.

"தலைவரு நீங்கதான், சிவபிரகாசு. அதுல மாத்தமில்ல. சீட்டு அவுகளுக்கு."

சிவபிரகாஷ் மனைவியைத் தனியே இழுத்தார். "தெரிஞ்சேதானே சொல்லிக் குடுத்தே?"

"நான் எப்படிக் கூப்பிடுவேன்னுதானே கேட்டீக? நீங்க எப்படிக் கூப்பிடணும்னு கேக்கலையே."

"கரைக்குக் கூட வந்தது எதுக்கு?"

"நாலு பேரும் கேக்குற ஆளுதான் உக்கார முடியும்னீக. எங்க வீட்டுல அது யாருன்னு எனக்குத் தெரியும். ஒங்களுக்கும் தெரியட்டுமேன்னு வந்தேன்."

தொடக்க விழாவன்று கரை கொள்ளாத கூட்டம். அதைப் பார்த்ததும் குழந்தைவேலுவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. துடுப்புக்கு ஆள் குறைந்தது. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூத்த மச்சான் இடத்தில் உட்கார்ந்தார். எதிரே ஒன்றரை அடியில் பாண்டீஸ்வரி. போகிற திசை அவருக்குத் தெரியவில்லை. அவள் முகம்தான் தெரிந்தது.

அவள் விசிலை வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள். புருஷன் பேரைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. ஏங்க என்று கூப்பிட்டாலோ, கரையில் நிற்கிற கல்யாணமான ஆண்பிள்ளை அத்தனை பேரும் திரும்பிவிடுவார்கள். சிவபிரகாஷுக்கு ஆவல் தாங்கவில்லை. தலைவரே என்பாளா? கொஞ்சம் பெரிதாகவே ஏதாவது சொல்லுவாளா? இத்தனை ஊர் முன்னால் தமக்கு என்ன பேர் விழப்போகிறது என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

பாண்டீஸ்வரி யோசித்து முடித்தாள். அக்கரைக்கும் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தாள்.

"பெரியண்ணனுக்குப் பதிலா வந்தவுகளே, ரெண்டு வலி."