ரோட்டோடு சேர்த்து ஒப்படைக்கப்பட்ட கிலோமீட்டர்

அந்தப் பட்டியலில் நாற்பத்தேழாவது வரியை நான் எழுதியிருக்கலாமா, கூடாதா? ஒன்றரை வருஷமாக யோசிக்கிறேன். சோறு வடிக்கும்போதும் யோசிக்கிறேன், மகளுக்குப் பின்னல் போடும்போதும் யோசிக்கிறேன். பதில் கிடைத்தபாடில்லை. என் வீட்டுக்காரரிடம் கேட்டால், "எழுதியாச்சுல்ல, விடு" என்கிறார். விடத் தெரிந்தவளாக இருந்தால் எனக்கு ஏன் இந்தத் தலைவலி?

கட்டிய மனைவியைவிட ஒரு ரோட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட்ட ஆண்பிள்ளை இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் கிலோமீட்டர்.

காரைக்காலுக்கு வெளியே, வயலுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். பெயரைச் சொன்னால் இரண்டு ஆபீசுக்குக் கோபம் வரும், அதனால் சொல்லவில்லை. ஊரின் நடுவே போகும் பெரிய ரோட்டில் ஒன்றேகால் கிலோமீட்டர் தூரத்தைப் பராமரிக்கும் சாலைப் பணியாளர் அவர். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் முண்டாசு, கையில் மண்வெட்டி. எதையும் தூரக் கணக்கில்தான் சொல்வார். காரைக்காலிலிருந்து எண்ணினால் என் வீடு அவருக்கு "ரெண்டு புள்ளி மூணு". எனக்கு மகள் பிறந்தபோது ஊர் முழுக்க, "ரெண்டு புள்ளி மூணுல பொண்ணு பொறந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டு போனாராம்.

எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே கிலோமீட்டர் கல்தான். அதில் அவருக்கு அசாத்தியப் பெருமை. "எல்லைக்கு அந்தாண்ட இங்கிலீஷ்காரன் சீமையில அவுங்க மைல்ல நடந்துகிட்டிருந்தப்பவே நாம கிலோமீட்டர்ல நடந்தவங்க தங்கச்சி. அதான் நமக்கு ஊரு சீக்கிரம் வந்துருது!"

அவரை நான் முதலில் பார்த்தது ஒரு டாக்சிக்குள்ளிருந்து. ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நாள் குழந்தையோடு இந்த ஊர் வீட்டுக்கு முதல்முறையாக வந்துகொண்டிருந்தேன். குழந்தைக்குக் காற்றுப் படுமா, காற்றே இல்லாமல் மூச்சு முட்டுமா என்று கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தேன். ஊர் எல்லையில் ஒருவர் சிவப்புக் கொடியைக் காட்டி வண்டியை நிறுத்தினார். உள்ளே எட்டிப் பார்த்தார். "பச்சப்புள்ளயா? பின்னாடியே வா" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, கொடியைப் பிடித்தபடி டாக்சிக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

"யோவ், மாப்புள்ளப் பள்ளத்துல எறக்காத! வலப்பக்கம் ஒடி! ஒடிய்யா! அடுத்தாப்புல இட்லிப் பள்ளம் வருது பாரு!"

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். எதிரே வந்த பஸ் ஒதுங்கி நின்றது. பஸ்ஸில் இருந்தவர்கள், கொடியோடு ஆள் முன்னால் போவதைப் பார்த்து, உள்ளே இருப்பது மந்திரி என்று நினைத்து எழுந்து நின்றார்கள். என் மகள் தூங்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

ஆமாம், பள்ளங்களுக்கு அவர் பெயர் வைத்திருந்தார். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் கார் சிக்கி, முகூர்த்தமே தவற இருந்த இடம் மாப்பிள்ளைப் பள்ளம். ஓட்டல்காரரின் அண்டாவோடு சைக்கிள் கவிழ்ந்த இடம் இட்லிப் பள்ளம். மணியக்காரர் வேட்டி அவிழ விழுந்த இடத்துக்கு என்ன பெயர் என்பதை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. தபால்காரர் எனக்கு வரும் கடிதங்களுக்கு, மாப்பிள்ளைப் பள்ளத்துக்கு எதிர் வீடு என்றுதான் அடையாளம் வைத்திருந்தார்.

பள்ளத்தை மூடாமல் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாரே என்று நினைக்காதீர்கள். தாரும் கப்பிக் கல்லும் கேட்டு மாதா மாதம் ரோடு ஆபீசுக்கு நடந்தவர் அவர். வந்தது மண்வெட்டிக்குப் புதுக் காம்பு மட்டும்.

உளுந்து அறுப்புக் காலத்தில் அவரைப் பார்க்க வேண்டும். பஸ் ஏறி மிதித்தால் மணி உதிரும் என்று செடியைக் கொண்டுவந்து ரோட்டில் பரப்புவார்கள். "பாதி ரோட்டுக்குத்தான் பெர்மிஷன்!" என்று மண்வெட்டியால் நடுவில் கோடு கிழிப்பார். கோட்டைத் தாண்டிய செடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போடுவார். ரோட்டில் படுத்திருக்கும் மாட்டிடம், "ஏந்திரி. இது என்ன ஒங்க அப்பன் வீட்டுக் கொட்டாயா?" என்பார். மாடு எழுந்து போகும். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

இப்படி இருக்கும்போது ஊருக்கு வெளியே பைபாஸ் ரோடு போட்டார்கள். பஸ்ஸும் லாரியும் அந்தப் பக்கம் திரும்பின. ஊருக்குள் போகும் ஒன்றேகால் கிலோமீட்டர் இனி ரோடு ஆபீசுக்கு வேண்டாம், எங்கள் ஊராட்சியான கொம்யூன் பஞ்சாயத்திடம் ஒப்படைக்கவும் என்று உத்தரவு வந்தது. ரோடு போகும், ஆள் போகமாட்டார். கிலோமீட்டருக்குப் பைபாஸில் வேலை. கூடவே குழாய்த் தண்ணீரோடு ஒரு குவார்ட்டர்ஸ். தெருக்கோடி கைப்பம்பில் பதினெட்டு வருஷமாகத் தண்ணீர் அடித்த அவர் மனைவி அஞ்சலை அக்கா, அன்றைக்கே பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டார்.

ஒப்படைப்பதற்கு முன் ரோட்டில் உள்ளவற்றை எல்லாம் பட்டியல் எழுத வேண்டும். ரோடு ஆபீஸ் ஓவர்சியர், "நீயே எழுதிட்டு வாய்யா" என்று கிலோமீட்டரிடம் தள்ளிவிட்டார். அவர் வாசிப்பார், எழுத வராது. நேராக என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, நீ படிச்சவ. முத்து முத்தா எழுதுவ. எழுதிக் குடும்மா."

எழுதினேன். புளியமரங்கள், பூவரசுகள், கிலோமீட்டர் கற்கள், சிறுபாலங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் நிலை. முப்பத்திரண்டு வரியில் முடிந்துவிட்டது என்று பேனாவை மூடினேன்.

"தெறந்து எழுது. முப்பத்துமூணு, மாப்புள்ளப் பள்ளம்."

"பள்ளத்தையெல்லாம் எழுதலாமாண்ணே?"

"ரோட்ல உள்ளதை எழுதச் சொன்னாங்க. பள்ளம் ரோட்ல இல்லாம வயல்லயா இருக்கு?"

அரசாங்கக் காகிதத்தில் ஒன்றை விட்டால் குற்றமாகிவிடுமோ என்ற பயம் எனக்கு. பதினான்கு பள்ளங்களையும் பெயரோடு எழுதினேன். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாப்பத்தேழு. சாலைப் பணியாளர், ஒன்று."

"அண்ணே!"

"நானும் ரோட்லதானம்மா இருக்கேன். பைபாஸ்ல யாரு இருக்கா? இந்தாண்டயும் வயலு, அந்தாண்டயும் வயலு. 'என்ன கிலோமீட்டரு, சாப்ட்டியா'ன்னு கேக்க ஒரு ஆளு உண்டா? ரெண்டு வருசத்துல ரிட்டேடு. அதுவரைக்கும் இங்கனயே கெடந்துட்டுப் போறேன். எழுது."

அக்கா கட்டி வைத்த சாக்கு நினைவுக்கு வந்தது. அவர் முகத்தையும் பார்த்தேன். எழுதிவிட்டேன். நிலை என்ற இடத்தில், 'நன்று' என்று போட்டேன்.

"பொய் எழுதக்கூடாதும்மா. முழங்கால்ல லேசா தேய்மானம்னு சேத்துக்க."

ஓவர்சியர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். ஆனால் கொம்யூன் கமிஷனர் காகிதத்தைப் படிக்கிற ஜாதி. ஒப்படைக்கும் நாளில் ரோட்டில் நடந்தபடி உரக்கப் படித்துக்கொண்டே வந்தவர், பள்ளங்கள் வந்ததும் நின்றார்.

"இது என்னங்க, பதினாலு பள்ளம் குடுக்குறீங்க? பேரு வேற வச்சிருக்கு! எல்லாத்தயும் மூடிட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்."

"உள்ளது உள்ளபடி ஒப்படைக்கறதுன்னுதான் சார் உத்தரவு" என்றார் ஓவர்சியர்.

"அப்ப நீங்களே வச்சிக்குங்க."

நாற்பத்தேழாவது வரிக்குப் பேச்சு வரவேயில்லை. ரோடு இரண்டு ஆபீசுக்கும் பொதுவில் அநாதையாகக் கிடந்தது. கிலோமீட்டரைப் பைபாஸுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் பைபாஸில் புல் செதுக்குவார். சாயங்காலம் எங்கள் தெருவில் நிற்பார்.

"கமிஷனருக்குப் பள்ளம்தானே தங்கச்சி இடிக்குது? மூடிட்டா கையெழுத்து. கையெழுத்து விழுந்தா நாப்பத்தேழும் கூடவே போவும்ல?"

ஆனால் கப்பிக்கு எங்கே போவது? அதற்கும் வழி கண்டுபிடித்தார். அந்தப் பழைய மாப்பிள்ளைக்கு இப்போது மூன்று பிள்ளைகள். அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"என்ன மாப்புள்ள, ஒங்க பேரு ரோட்ல கெடந்து நாறுது. ஒங்க பொண்ணு கல்யாணத்துக்கு வர சம்பந்திகாரங்க, 'ஏன் இந்தப் பேரு'ன்னு கேப்பாங்களா மாட்டாங்களா?"

"அதுக்கு நான் என்னய்யா பண்றது?"

"ரெண்டு வண்டி கப்பி. பேரு போயிரும்."

கப்பி வந்தது. ஓட்டல்காரர் செம்மண் கொடுத்தார். மணியக்காரர் தாமே முன்வந்து மூன்று வண்டி அடித்தார், வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஐப்பசி மழைக்கு முன்னால் பதினான்கும் மூடப்பட்டுவிட்டன.

உடனே ரோடு ஆபீசிலிருந்து கிலோமீட்டருக்கு மெமோ வந்தது. தமக்குச் சம்பந்தமில்லாத சாலையில் அனுமதியின்றிப் பள்ளங்களை மூடியதற்கு ஏழு நாளில் விளக்கம் தரவேண்டுமாம். என்னால்தானே இவ்வளவும்? அவர் சார்பில் மிகுந்த மரியாதையோடு பதில் எழுதினேன். ஆபீஸ் விரும்பினால் பதினான்கு பள்ளங்களையும் அதே இடத்தில், அதே ஆழத்தில் தோண்டித் தரத் தயாராக இருக்கிறேன் என்று முடித்தேன். சத்தியமாக நான் பணிவாகத்தான் எழுதினேன். அதைப் படித்த ஆபீஸ் முழுக்கச் சிரித்ததாகக் கேள்வி. மெமோ அதோடு நின்றுவிட்டது.

இரண்டாம் முறை கமிஷனர் வந்தார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். பட்டியலை எடுத்துப் படித்தார்.

"முப்பத்துமூணு, மாப்பிள்ளைப் பள்ளம். எங்க?"

"மூடியாச்சுங்க" என்றார் கிலோமீட்டர்.

"பட்டியல்ல இருக்கு, ரோட்ல இல்ல. அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

ஓவர்சியர் பதினான்கு இடத்தில் அடித்து, பதினான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டார். கமிஷனர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நாற்பத்தேழு. சாலைப் பணியாளர், ஒன்று. நிலை நன்று, முழங்காலில் லேசான தேய்மானம். யாருங்க இது?"

"நாந்தாங்க" என்று கிலோமீட்டர் ஓரடி முன்னால் வந்து நிமிர்ந்து நின்றார்.

ஓவர்சியருக்கு வியர்த்தது. கமிஷனர் கிலோமீட்டரை மேலும் கீழும் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார்.

"பட்டியல்ல இருக்கு. ரோட்லயும் இருக்கு" என்று சொல்லி டிக் போட்டார். கையெழுத்தும் போட்டுவிட்டார்.

கையெழுத்தான பட்டியலைத் திருத்துவதைவிட ஒரு மனிதரை மாற்றுவது சுலபம் என்று இரண்டு ஆபீசும் கண்டுகொண்டன போலிருக்கிறது. ஓய்வு பெறும்வரை அதே ரோட்டில் கொம்யூனுக்கு அயல்பணி என்று ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. குவார்ட்டர்ஸ் வேறொருவருக்குப் போனது.

மறுநாள் அஞ்சலை அக்கா என் வீட்டுக்கு வந்தார். திட்டுவார் என்று பயந்து காபி போட்டு வைத்திருந்தேன். அவர் என் வலக்கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கையிதானா? கையி அழகாத்தான் இருக்கு. எழுதறதுக்கு முன்ன என்னய ஒரு வார்த்த கேட்ருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். காபியைக் குடித்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு கைப்பம்புக்குப் போனார். அந்தப் பம்பின் சத்தம் எனக்கு வீட்டுக்குள் கேட்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சித்திரையில் கிலோமீட்டர் ஓய்வு பெறுகிறார். திருச்சியில் இருக்கும் அவர்களுடைய மகள், வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது, இரண்டு பேரும் இங்கேயே வந்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாள். போன திங்கட்கிழமை அக்கா ஓர் இன்லண்டு லெட்டரோடு வந்தார். "உடனே வந்து அழச்சிக்கிட்டுப் போன்னு எழுதும்மா. அந்த மனுசனுக்குத் தெரிய வேணாம்." செவ்வாய்க்கிழமை கிலோமீட்டர் வந்தார், இன்னோர் இன்லண்டு லெட்டரோடு. "இப்ப தோதுப்படாதுன்னு எழுது தங்கச்சி. அவகிட்ட மூச்சு விட்றாத." இரண்டு பேருக்கும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

இந்த முறை என் இஷ்டத்துக்கு எழுதமாட்டேன். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். எந்தக் கடிதத்தை நான் எழுதட்டும்? அக்காவின் தோள்வலி எனக்குத் தெரியும். அதே சமயம், விடியற்காலை கிலோமீட்டர் சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்துவிட்டு என் வாசலைத் தாண்டுவார். அதைக் கேட்டுத்தான் என் மகள் கண் விழிக்கிறாள். அந்த மணி கேட்காத காலையை நினைத்தால் எனக்கு அடுப்பு மூட்டவே மனசு வராது. அதைக் கணக்கில் சேர்க்காமல், தயவுசெய்து, ஒரு நல்ல யோசனை சொல்லுங்கள்.