வாசலில் விட்ட வைத்தியம்

டாக்டர் மாட்டிவிடும் செருப்பு, செருப்புக் கணக்கில் சேருமா, மருந்துக் கணக்கில் சேருமா? கேட்டால் சிரிப்பீர்கள். நான் எம்.எஸ்சி. கணிதம் படித்தவள், மூன்று வயதுப் பெண்ணுக்குத் தாய். இதற்கு எனக்கு இன்றுவரை உறுதியான பதில் தெரியாது. தெரியாததால் என்ன ஆனது என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் வலது கால் பெருவிரல் பக்கத்து விரலின் மேல் சாய்ந்து கிடக்கும். அதன் அடிமூட்டு எலுமிச்சம்பழம் போல வெளியே புடைத்திருக்கும். கல்யாணத்துக்கு முன்பே இருந்ததுதான்; இடது காலிலும் கொஞ்சம் உண்டு. மகள் மகிழினி பிறந்து, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நடந்ததில் வலி கூடிவிட்டது. ஒருநாள் அவளோடு படியிறங்கும்போது கால் மடங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். (விழவில்லை. ஆனால், 'விழுந்திருந்தால்?' என்று மூன்று வாரம் யோசித்தேன்.)

டவுனில், ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஓர் எலும்பு டாக்டரைப் பார்த்தோம். பெரிதாகக் கிழிக்க வேண்டியதில்லை, சின்னச் சின்னத் துளைகள் போதும், அவற்றின் வழியாகவே எலும்பை வெட்டி நேராக்கி ஸ்க்ரூ போட்டுவிடலாம், அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம் என்றார். இவ்வளவு சுலபமாகச் சொன்னதே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஆபரேஷன் அன்று மகிழினியின் படம் வரையும் நோட்டில் இருபத்தாறு கேள்விகள் எழுதிக்கொண்டு போனேன். குழந்தையை எப்போது தூக்கலாம்? மெட்டியை எப்போது திரும்பப் போடலாம்? விமான நிலையத்தில் ஸ்க்ரூ சத்தம் போடுமா? (நான் விமானம் ஏறியதே இல்லை.) காலில் இரும்பு இருந்தால் இடி இழுக்குமா?

பொறுமையான மனிதர். இருபத்தாறுக்கும் பதில் சொன்னார். ஆபரேஷன் முடிந்ததும், கட்டுக்கு மேல் கட்டை போன்ற அடிப்பாகம் கொண்ட பெரிய செருப்பு ஒன்றை மாட்டினார்.

"எலும்பு சேர்ற வரைக்கும், ஆறு வாரம், இதுதான்மா முக்கியம். இது இல்லாம ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. வேற ஏதாவது கேக்கணுமா?"

"இல்லைங்க டாக்டர்."

கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் வண்டி நின்றது. எனக்கு உதவியாக எருமப்பட்டியிலிருந்து வந்திருந்த அத்தை (என் மாமியார்) குழந்தையோடு காத்திருந்தார். நான் இறங்கி, குனிந்து, அந்தச் செருப்பைக் கழற்றி மற்ற செருப்புகளோடு வரிசையாக வைத்தேன். குதிகாலை ஊன்றி உள்ளே போனேன்.

யோசித்துச் செய்யவில்லை. செருப்போடு வீட்டுக்குள் நுழைவது என்ற ஒன்று என் இருபத்தொன்பது வருட வாழ்க்கையில் நடந்ததே இல்லை. அதனால் அது கேள்வியாகக்கூட வரவில்லை.

பதினைந்து நாள் இப்படியே போனது. பால் வாங்க கேட் வரை போகும்போது செருப்பின் பட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டி மாட்டுவேன். பத்தடி நடந்து திரும்பி, ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழற்றுவேன். அத்தை தினமும் அதை ஈரத்துணியால் துடைத்து வைத்தார்.

"புதுசாட்டமே இருக்குது சாமி," என்று பாராட்டும் கிடைத்தது.

கட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. ஆஸ்பத்திரியில், டாக்டர் அறைக்கு முன்னால் இருந்த கூடத்தின் வாசலில் ஒரு போர்டு: 'காலணிகளை வெளியே விடவும்'. விட்டேன். என்னைப் போலவே காலில் கட்டும் பெரிய செருப்புமாக உள்ளே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் காலைப் பார்த்தார்.

"ஏனுங்க, கட்டோட வெறுங்காலுலயா வாரீங்க?"

"போர்டு போட்டிருக்குதுங்களே."

அவர் போர்டைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். பிறகு, பெரிய தப்புச் செய்துவிட்டவர் போல, குனிந்து அவருடையதையும் கழற்ற ஆரம்பித்தார். டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது அந்த நேரத்தில்தான்.

"ஐயா, மாட்டுங்க முதல்ல! ஏம்மா, உங்க செருப்பு எங்க?"

"வெளிய விட்டுட்டேங்க டாக்டர்."

"வீட்ல?"

"வீட்லயும் வெளியதாங்க டாக்டர்."

"பதினஞ்சு நாளுமா?"

"ஒரு நாள் விடாமங்க." (இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.)

டாக்டர் நர்ஸிடம் செருப்பை எடுத்து வரச் சொல்லி, அதன் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் கடையில் வாங்கியது போல இருந்தது. உடனே எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார்.

படம் வரும்வரை, கூட வந்திருந்த என் கணவரிடம், "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"இருபத்தாறு கேள்வி கேட்டவ நீ, இதக் கேக்காமயா இருந்திருப்பேன்னு நெனச்சேன்."

எலும்பு விலகியிருந்தால் மறுபடி வெட்ட வேண்டும். மறுபடி மகிழினியைத் தூக்காத நாட்கள். வாசல் வழக்கத்துக்குக் கீழ்ப்படிந்து என் காலை நானே கெடுத்துக்கொண்டேனா? டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"கொஞ்சம் நகர்ந்திருக்கு. திரும்ப ஆபரேஷன் பண்ற அளவுக்கு இல்ல."

"என்னாலதானுங்களா?"

"இருக்கலாம். ஒழுங்கா போட்டிருந்தாலும் இவ்வளவு நகரலாம். சொல்ல முடியாதும்மா."

அத்தையிடம் சொல்லத்தான் பயந்தேன். அவர் என்னைவிட அதிர்ந்துபோனார்.

"ஏஞ்சாமி, நானா கழட்டச் சொன்னேன்? நீ படிச்ச புள்ள, டாக்டரே அப்படித்தான் சொல்லியிருப்பாருன்னு இருந்துட்டேன்!"

உடனே அதைக் கழுவினார். அடிப்பாகத்தில் மஞ்சளைத் தொட்டு வைத்தார். "இனி இது செருப்பில்ல. உள்ள வா," என்றார். மீதி நாட்களில் தெருவுக்குப் போகும்போது அதன் மேல் ஒரு மளிகைக்கடைப் பையைக் கட்டிக்கொண்டேன். செருப்புக்கே செருப்பு.

பெருவிரல் இப்போது கிட்டத்தட்ட நேராக இருக்கிறது. அந்தக் 'கிட்டத்தட்ட' மட்டும் என்னைத் தூங்கவிடாது. ஆஸ்பத்திரி போர்டில் 'கட்டுப் போட்டவர்கள் தவிர' என்று பேனாவால் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும் ஒரே பதில்தான். நேற்று மகிழினியிடம், "பாப்பா, ஜட்டி எங்க?" என்று கேட்டேன்.

"வெளிய விட்டுட்டேங்க டாக்டர்."

அடுத்த மாதம் இடது காலுக்கு ஆபரேஷன். அதற்குச் சரியாக மூன்றாவது வாரம், எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில் மகிழினிக்குக் காதுகுத்து. இரண்டு தேதியையும் மாற்ற முடியாது. டாக்டர், "கழட்டவே கூடாது" என்கிறார். அத்தையைக் கேட்டால், "நீ எப்படிச் சொல்றியோ அப்படியே, சாமி" என்கிறார். ஊசி குத்தும்போது குழந்தை என்னைத்தான் தேடும். நான் கோயிலுக்கு உள்ளே இருந்தாக வேண்டும்.

வாசற்படியில் நான் என்ன செய்ய வேண்டும்? இப்படி நின்றவர்கள் உங்களில் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். இந்தத் தடவை கேள்வியை முன்னாலேயே கேட்டுவிட்டேன்.