என் வீட்டில் படுத்திருக்கும் நாலு பேர்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும், தங்கள் பத்திரிகையில் வியாபாரப் பக்கம் எழுதுகிறவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவர் எழுதியதைப் படித்ததிலிருந்து என் வீட்டுக்காரரும் மிக நலம். நான்தான் நலமில்லை.

விமானப் போக்குவரத்தில் வேலை பார்க்கும் ஒரு ஆள், மற்ற தொழில்களில் நாலு பேர் சேர்ந்து உண்டாக்கும் வருமானத்தைத் தனியாகவே நாட்டுக்கு உண்டாக்குகிறார் என்று போன மாதம் போட்டிருந்தீர்கள் அல்லவா? என் வீட்டுக்காரர் விமானத்தில் பெட்டி ஏற்றுகிறவர். அன்றிலிருந்து அவர் கால் தரையில் படவில்லை. கொடியில் காயும் துணியை எடுத்து வரச் சொன்னால், "நாலு பேர் அசந்து படுத்திருக்கோம், சத்தம் போடாதே" என்கிறார். சாப்பாட்டுக்கு மட்டும் நாலு பேரும் தவறாமல் எழுந்துவிடுகிறார்கள். பஸ் ஓட்டும் அவருடைய அண்ணன், "அப்போ நான் இவனுக்குக் கால்வாசியா?" என்று கோபித்துக்கொண்டு வருவதையே நிறுத்திவிட்டார். ஹோட்டல், டாக்ஸி எல்லாம் விமானத்தால்தான் பிழைக்கிறது என்றும் எழுதியிருந்தீர்களாம். எதிர்வீட்டு டாக்ஸிக்காரரிடம் போய், உங்கள் வீட்டு அடுப்பு எரிவதே என்னால்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். தினமும் இவரைச் சும்மா ஏற்றிக்கொண்டு போன மனிதர் இப்போது ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போகிறார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். விமானத்துக்குள் இருக்கை துடைக்கும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. எத்தனை வருஷமாகக் கேட்டுக் கிடைத்தது. திங்கட்கிழமை காலையில் போய் நிற்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அவருக்கு மத்தியானம்தான் வேலை; காலையில் சமைத்து, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் போதும். அதற்கு, "நான் வெங்காயம் உரிச்சுட்டு உட்கார்ந்தா நாட்டோட வருமானம் என்ன ஆகும்?" என்று கேட்கிறார். ஆகையால் ஞாயிறு இதழில், அது அச்சுப்பிழை, ஒரு ஆள் என்றால் ஒரு ஆள்தான் என்று திருத்தம் போட்டு என் பிழைப்பைக் காப்பாற்றுங்கள்.

தங்கள் பத்திரிகை பல்லாண்டு வாழட்டும். வியாபாரப் பக்கம் மட்டும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.

இப்படிக்கு,
நாலு பேருக்குச் சமைக்கும் ஒருத்தி

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் திங்கட்கிழமையே தாண்டிவிட்டது. ஆசிரியருக்கே எழுதுகிறேன் என்று தெரிந்ததும் அவர் தானாக அடுப்படிக்குள் போய்விட்டார். நானும் வேலைக்குப் போகிறேன். நேற்று வேலை முடிந்து படியிறங்கும்போது விமானத்தின் வயிற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். நிமிர இடமில்லாத இடுக்கில் முட்டி போட்டுக்கொண்டு, வருகிற பெட்டியையெல்லாம் தனி ஆளாக இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. நாலு பேர் என்று நீங்கள் போட்டது தப்புதான். ஆறு பேர் என்று போட்டிருக்க வேண்டும். தயவுசெய்து இந்தத் திருத்தத்தை மட்டும் வெளியிட்டுவிடாதீர்கள். மனிதர் இப்போதுதான் சோறு குழையாமல் வடிக்கப் பழகியிருக்கிறார்.