எர்லீன் அக்காவின் கோ-கப்பும் அதைக் காப்பாற்ற வந்தவரும்

“அப்ப கோ-கப்பே கூடாதுங்கறீங்க?” என்றார் எர்லீன் அக்கா, தன் மதுக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் டம்ளர் துடைத்தபடி.

“ஐயோ, கூடாதுன்னு யாரு சொன்னா? அது இந்த ஊரோட ஆன்மா, மேடம்! அதனாலதான் தடை பண்ணச் சொல்றோம்,” என்றார் விட்கோம்.

நெருப்பு, சக்கரம், கோ-கப். மனித குலத்தின் மூன்று மாபெரும் பாய்ச்சல்களில் மூன்றாவதைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. மதுக்கடையில் பாதி குடித்திருக்கும்போது வீட்டு ஞாபகம் வந்தால் உலகத்து மக்கள் என்ன செய்கிறார்கள்? மிச்சத்தை மடக்கென்று ஊற்றிக்கொண்டு தள்ளாடுகிறார்கள், அல்லது வீட்டை மறந்துவிடுகிறார்கள். நியூ ஆர்லியன்ஸ்காரர் அப்படியா? டம்ளரில் இருப்பதை பிளாஸ்டிக் கப்பில் கவிழ்த்துக்கொண்டு, மகாராஜா மாதிரி தெருவில் இறங்கிவிடுவார். எதிரே போலீஸ்காரர் வந்தால் அவரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போவார். அந்தத் தெருவில் கண்ணாடி குற்றம், பிளாஸ்டிக் பிறப்புரிமை. வேறு ஊர்களில் இதை ‘ரோடி’ என்பார்கள், ‘டிராவலர்’ என்பார்கள், சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடுவார்கள். பேர் வைத்தவரெல்லாம் அப்பா ஆகிவிட முடியுமா?

பிரெஸ்டன் விட்கோம் கனெக்டிகட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். எர்லீன் அக்கா கடையிலிருந்துதான் வாழ்க்கையின் முதல் கோ-கப்போடு வெளியே வந்தார். நடைபாதையிலேயே நின்று, “இதுதான் சுதந்திரம்!” என்று கண்ணீர் விட்டார். கண்ணீர் காய்வதற்குள் பக்கத்து வீட்டை வாங்கினார். பெயின்ட் காய்வதற்குள் ‘பண்பாடு மற்றும் அமைதிப் பாதுகாப்புச் சங்கம்’ தொடங்கித் தலைவரும் ஆனார். பண்பாடே டிரம்போன் ஊதிக்கொண்டு போகும் ஊரில் அமைதியையும் சேர்த்துக் காப்பாற்றுவது சாமானியமான தொண்டா?

இப்போது நகராட்சியில் மனுக் கொடுத்திருக்கிறார். எர்லீன் அக்கா கடையில் குடிப்பவர்கள் உள்ளேயே குடித்து முடிக்க வேண்டும். காரணம், அவர் வாசல்படியில் காலி கப்புகள் கிடக்கின்றன.

“அது உங்க மாடியில வாடகைக்கு வந்து தங்குற டூரிஸ்டுங்க போட்டது, கண்ணு,” என்றார் அக்கா. “கடைப் பேர் அச்சடிச்ச கப்பை எங்காளு எவனாவது தெருவுல விடுவானா? வீட்டுக்குக் கொண்டு போயி, கழுவி, அலமாரியில அடுக்குவான். எங்கம்மா கல்யாணத்துக்கே அதுலதான் ஷாம்பெயின் ஊத்துனாங்க.”

“ரொம்ப அழகான தகவல். எங்க சங்கத்து மலர்ல போடறோம். வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வந்துடுங்க.”

அக்கா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். வெள்ளிக்கு மறுநாள் ஆக்டேவின் இறுதி ஊர்வலம். வாழ்நாள் முழுக்க அந்தத் தெருவில் டிரம்போன் வாசித்த மனுஷன் ஒரே ஒரு ஆசைதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “என்னைத் தூக்கிட்டுப் போறப்ப எர்லீன் கடை வாசல்ல நிறுத்துங்க. எல்லாரும் கையில ஒரு கப்போட என் பின்னால வாங்க. எவனும் வெறுங்கையோட வரக்கூடாது.” அவர் சிரித்த முகத்தை அச்சடித்த கப்புகள் பெட்டி பெட்டியாகக் கடையின் பின்கட்டில் காத்திருந்தன.

நகராட்சியின் ‘தெருவோர மாண்பு மேற்பார்வைக் குழு’ வெள்ளியன்று கூடியது. தலைவர் லூசியன் ஃபோரியா, ஆக்டேவின் சொந்தத் தங்கை மகன். அக்காவுக்கு உயிர் வந்தது. விட்கோம், படியில் பொறுக்கிய கப்புகளைக் கோபுரமாக அடுக்கி மேஜையில் வைத்தார். மனுவில் அவற்றின் பெயர் ‘இடம்பெயர் பானக் கொள்கலம்’. குழு அதைக் கவலையோடு பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனது.

திரும்பி வந்தால் மேஜை காலி.

“ஆதாரம் எங்கே?” என்று அலறினார் விட்கோம்.

காவலாளியின் பையிலிருந்து கொஞ்சம் எட்டிப் பார்த்தது. தட்டச்சு செய்யும் அம்மாள் தன் கைப்பையை இறுக்கிக்கொண்டார். உறுப்பினர் ஒருவரின் கோட்டுப் பை வீங்கியிருந்தது. தலைவர் ஃபோரியா ஒரு கப்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“சார், நீங்க குடிக்கறதே ஆதாரத்துலதான்!”

“கழுவிட்டேனே,” என்றார் தலைவர். “நல்ல கப்பு. சும்மா கெடக்குதேன்னு...”

அக்கா துள்ளி எழுந்தார். “பாத்தீங்களா! நான் என்ன சொன்னேன்? எங்காளு கப்பைப் பாத்தா விடுவானா?”

வழக்கு முடிந்தது என்று அவர் நினைத்தார். முடியத்தான் செய்தது. குழு தன் மானத்தை மனத்தில் நிறுத்தி ஆழ்ந்து யோசித்து, நேர்மையான அதிகாரிகளையே கை நீட்டத் தூண்டும் இந்த ஆபத்தான பொருளை எர்லீன் அக்கா இனி யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பின்கட்டில் இருந்த கப்புகள் ‘பாதுகாப்புக்காக’ விட்கோமின் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டன. சங்கம் மட்டும், பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு, சுற்றுலாப் பயணிகளுக்கு ‘பாரம்பரிய நடை’ நடத்திக்கொள்ளலாம். கப்போடுதான்.

சனிக்கிழமை ஆக்டேவின் சவப்பெட்டி கடை வாசலில் நின்றது. வாத்தியங்கள் மூச்சு வாங்கின. கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக ஃபோரியா உள்ளே ஓடி வந்தார்.

“அக்கா, மாமாவுக்காக ஒண்ணே ஒண்ணு. சீக்கிரம்! கெளம்பிடுவாங்க.”

எர்லீன் அக்கா கனமான கண்ணாடி டம்ளரில் விஸ்கியை ஊற்றி அவர் முன்னால் வைத்தார். “உக்காந்து குடி, கண்ணு.”

“உக்காரவா? கையில குடு அக்கா, நடக்கணும்!”

“கண்ணாடி வாசலைத் தாண்டினா நீ குற்றவாளி. பிளாஸ்டிக் குடுத்தா நான் குற்றவாளி. நேத்துக் கையெழுத்து போட்டது யாருடா?”

ஃபோரியா டம்ளரைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். ஒரு காலை வெளியே வைத்தார், எடுத்தார். வெளியே டியூபா வாத்தியம் முனகத் தொடங்கியது. பெட்டி நகர்ந்தது. ஊர்க்காரர்கள் வெறுங்கையோடு பின்னால் போனார்கள்.

வெறுங்கையோடு போகாதவர்களும் இருந்தார்கள். பெட்டியை ஒட்டி, முன்வரிசையில், விட்கோமின் பாரம்பரிய நடைக் கூட்டம். ஆளுக்கொரு கப், கப்புக்கொரு ஆக்டேவின் சிரிப்பு.

“கப்புல இருக்கிறது யாரு?” என்று ஒரு பெண் கேட்டார்.

“யாரோ உள்ளூர்க்காரர். ரொம்ப அசலான முகம், இல்ல?” என்றார் விட்கோம். பிறகு பெட்டியைப் பார்த்து நெகிழ்ந்துபோய், “இதுதான் சுதந்திரம்!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை விட்கோமின் வாசல்படியெல்லாம் ஆக்டேவின் முகங்கள் நசுங்கிக் கிடந்தன. திங்களன்று அவர் புது மனுக் கொடுத்துவிட்டார், எர்லீன் அக்கா மேல்தான். கப்பை அச்சடித்தது அவர்தானே?

இவ்வளவு பாசமாகக் காப்பாற்ற ஆள் வந்தபிறகு ஓர் ஊர் சாவதற்கு வேறு எதிரி எதற்கு? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்களேன்?