கம்ப்ரஸரும் ஈ ஓட்டிய ஆளும்

ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியன் கையில் புது இயந்திரம் எதையும் கொடுக்கக் கூடாது. மற்றவர்கள் அதைத் தட்டிப் பார்ப்பார்கள், திருகிப் பார்ப்பார்கள், சரிவராவிட்டால் மூலையில் போட்டுவிட்டுப் போவார்கள். அவன் கையேட்டைப் படிப்பான். படித்து முடித்ததும், அதைக் கண்டுபிடித்தவனுக்கே ஆலோசனை சொல்லும் நிலைக்கு வந்துவிடுவான்.

நான் ஜொகூர் மாநிலத்துக் கோத்தா திங்கியில் வெள்ளத் தடுப்பு மதகுகளைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவன். ஆறு சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் என் உத்தியோகம். மதகுக்குப் பக்கத்தில் நாளெல்லாம் பம்புகள் உறுமும். பணி முடிந்தபோது இலாகா எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தது. பம்புகள் ஒரு ஜோடி மந்தக் காதுகளைக் கொடுத்தன. மெல்லிய ஒலிகள் என்னிடம் வந்து சேர்வதில்லை என்று டாக்டர் சொன்னார். காதுக் கருவி வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்தேன். (விலை உயர்ந்த பொருளைப் பத்திரமாக வைப்பதுதானே முறை.)

இந்தக் காதுக்கு ஏற்ற மனைவிதான் எனக்கு வாய்த்திருந்தாள். சரசு அடுப்படியில் நின்று “என்னங்க” என்று கூப்பிட்டால், எதிர்வீட்டுச் சீனர் கேட்டைத் திறந்து எட்டிப் பார்ப்பார். உலு திராமில் நாங்கள் குடியிருக்கும் தாமானை ஒட்டிய மாரியம்மன் கோவிலில் வெள்ளிக்கிழமை பஜனைக்குப் போவாள். அங்கே அவளுக்கு ஒதுக்கப்பட்ட இடம் கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால். மைக்கை அவள் பக்கம் நகர்த்தவே மாட்டார்கள். கோவில் தலைவர் முத்தையா அதை ஒரு பாராட்டாகவே சொல்வார்.

“அக்கா, ஒங்களுக்கு மைக்கு எதுக்கு? நீங்களே ஒரு மைக்குதான் லா.”

சரசுவும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கொஞ்சம் கூடுதல் சத்தத்தோடு கழுவுவாள். அந்தச் சத்தம் எனக்கே கேட்கும்.

அந்த வருடம் அவளே ஒரு பாட்டுக் கட்டினாள். கீரை ஆய்ந்துகொண்டே வரி வரியாக முணுமுணுத்துச் சேர்த்த பாட்டு. அதன் உச்சம் சரணத்தில் வரும் ஒரு வரி: “எட்டுத் திக்கும் எட்டட்டும் என் கூப்பாடு, தாயே.” அந்த இடத்தில் அவள் குரல் எழும்பினால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் கவிதா, அதற்கு உடுக்கையும் நாதஸ்வரமும் வைத்துக் கணினியிலேயே இசை சேர்த்தாள். பிறகு சரசு தலைவரிடம் போனாள். திருவிழாவில் ரதத்தோடு ஒலிக்கும் பாட்டாக இந்த ஒரு தடவை தன் பாட்டைப் போட முடியுமா என்று கேட்டாள். தலைவர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை. நன்றாக இருந்தால் வருடா வருடம் அதுதான் ரதப் பாட்டு. சரியில்லையென்றால் பழையபடி கடையில் வாங்கிய பாட்டு. மறுபடி கேட்கக் கூடாது.

அவள் திரும்பி வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “கோவில்ல இதுவரைக்கும் நான் ஒண்ணும் கேட்டதில்ல. இத ஒண்ணு கேட்டிருக்கேன். கெடுத்துடாதீங்க.”

கெடுப்பதா? நானா?

பதிவு எங்கள் வீட்டுப் பின்னறையில் நடந்தது. எதிரொலி வராமல் இருக்க மெத்தைகளைச் சுவரில் சாய்த்தேன். விசிறியை நிறுத்தினேன். ஜொகூர் வெயிலில் மெத்தைகளுக்கு நடுவே சரசு இட்லியைப் போல வெந்துகொண்டிருந்தாள். அவள் எங்கே தொடங்க வேண்டும் என்று நான் எதிரே நின்று கையை அசைத்துச் சைகை காட்டினேன். பாட்டைக் கட்டியவள் அவள். அவளுக்குத் தெரியாதா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மதகைத் திறக்கும்போது ஒருவர் கை காட்டுவது எங்கள் வழக்கம்.

கவிதா சனிக்கிழமை வந்து குரலையும் இசையையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை வரை நான் சும்மா இருப்பதா? எங்கள் வீட்டுக் கணினியில் அவள் போட்டுவைத்திருந்த மென்பொருளுக்குக் கையேடு இருந்தது. அதில் கம்ப்ரஸர் என்று ஓர் அத்தியாயம் இருந்தது.

“ஐஸ்பெட்டிக்கா?” என்றாள் சரசு.

“குரலுக்கு” என்றேன், விஞ்ஞானியின் பொறுமையோடு.

கம்ப்ரஸர் செய்யும் வேலை எளிமையானது. நீங்கள் ஒரு கோடு போட வேண்டும். குரல் அந்தக் கோட்டைத் தாண்டினால் அது அமுக்கும். அமுக்கியதால் குறைந்துபோன சத்தத்துக்கு ஈடாக, நீங்கள் மொத்தக் குரலையும் மேலே தூக்க வேண்டும். பெரிய சத்தம் இறங்கும், சின்னச் சத்தம் ஏறும். அளவோடு போட்டால் ஒரு வார்த்தைகூட இசைக்குள் மூழ்காது. ரசத்துக்குப் பெருங்காயம் மாதிரி.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோடு போடு, மட்டத்தை அடக்கு. இது மதகேதான். வேலைக் காலம் முழுவதும் நான் ஆற்றுக்குச் செய்ததை ஒருவன் பாட்டுக்குச் செய்ய இயந்திரம் கட்டியிருக்கிறான். கோட்டை எவ்வளவு கீழே போட முடியுமோ அவ்வளவு கீழே போட்டேன். அமுக்கும் விகிதத்தைக் கடைசிவரை திருகினேன். பிறகு மொத்தத்தையும் தூக்கினேன். திரையில் சரசுவின் குரல் அதுவரை மலையும் பள்ளத்தாக்குமாக இருந்தது. இப்போது புதிதாகத் தார் போட்ட நெடுஞ்சாலையாகிவிட்டது. மானியில் முள் அசையவில்லை. ஒரு நல்ல மழைக்காலத்தில் என் ஆறு இப்படி நின்றிருந்தால் எனக்குப் பதவி உயர்வே கிடைத்திருக்கும்.

இசையையும் நானே சேர்த்துவிடுகிறேன், சனிக்கிழமை நீ வர வேண்டாம் என்றதும் கவிதா தொலைபேசியில் கெஞ்சினாள். “பா, காதால கேட்டுப் பண்ணுங்க. மீட்டரப் பாத்துப் பண்ணாதீங்க.” கேட்டேன். பல்லவி வரை நன்றாகவே கேட்டது, அதோடு நிறுத்திக்கொண்டேன். (அந்தக் காதுகளுக்கு.) சரசுவும் ஒரு தடவை கேட்கலாமா என்றாள். முடிவுறாத வேலையைப் பார்வையிட அனுமதிப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

திருவிழா மாலை. விளக்கு மின்னும் ரதம் கோவில் வாசலில் நின்றது. பின்னாலிருந்த லாரியில் நான்கு பக்கமும் பார்த்தபடி கூம்பு ஒலிபெருக்கிகள். தாமான் முழுக்கக் கூடியிருந்தது. சரசு மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையில் கூட்டத்தின் முதல் வரிசையில் நின்றாள். தலைவர் முத்தையா மாலையும் கையுமாக ரதத்தை ஒட்டி நின்றார். கவிதா என்னிடம், தான் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாமே என்றாள். நான் புன்னகை செய்தேன். அந்தப் புன்னகையை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பாட்டு தொடங்கியது. முதல் வரிக்கு முன்னாலேயே ஏதோ பிசகு என்று தெரிந்துவிட்டது. பதிவில் சரசு பாடுவதற்காக மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு, லாரி டயரில் காற்று இறங்குவது போல் நான்கு திசையிலும் சீறியது. இரண்டு குழந்தைகள் அழுதன. ஆனால் பல்லவி ஒருவாறு ஓடியது. நானும் மூச்சு விட்டேன்.

சரணத்துக்கு முன்னால் இசை அடங்கி உடுக்கை மட்டும் மெல்லத் தட்டும் இடம் ஒன்று உண்டு. பின்னறையில் நான் கையை அசைத்துக்கொண்டு நின்ற இடம் அதுதான். அங்கே, அம்மனின் ரதத்துக்குப் பின்னாலிருந்து, என் மனைவியின் முணுமுணுப்பு பாட்டுக்குச் சமமான சத்தத்தோடு இறங்கியது:

“இந்த ஆளு கைய ஆட்டுறதப் பாரு, ஈ ஓட்டுற மாதிரி. முப்பது வருசமா எனக்கு இதே தொல்ல.”

முதலில் தலைகள் என் பக்கம் திரும்பின. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பி எங்கள் பக்கம் உருண்டு வந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லோர் முன்னாலும் என்னை “என்னங்க, வாங்க, சாப்பிடுங்க” என்று சொல்லும் பெண்மணி, மூச்சுக்குக் கீழே என்னை “இந்த ஆளு” என்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முப்பது வருடம் அவள் உதடு அசைந்த ஒவ்வொரு தடவையும் என் கண் முன்னால் ஓடியது. நான் அதையெல்லாம் சாமி பேர் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

லாரியை நோக்கி ஓடினேன். ஆனால் பாட்டு என்னைவிட வேகமாக ஓடியது. உடுக்கை இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. முணுமுணுப்பும் இன்னும் முடியவில்லை:

“எப்படிப் பாடி என்னா? அந்த முத்தையா காதுல பஞ்ச வச்சிக்கிட்டுத்தான் கேப்பாரு.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த மாலை அப்படியே நின்றது. சரசு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன பயன்? வாய் லாரியின் மேல் இருந்தது.

கடைசி நம்பிக்கை அந்த உச்ச வரி. அது வந்துவிட்டால் எல்லாம் மறந்துபோகும் என்று நினைத்தேன். வந்தது. “எட்டுத் திக்கும் எட்டட்டும் என் கூப்பாடு, தாயே” என்று, பஸ் நிலையத்தில் பஸ் தாமதம் என்று அறிவிக்கும் குரலில் வந்தது. நான் போட்ட கோட்டுக்கு மேல் அது ஓர் அங்குலம்கூட எழவில்லை. எட்டுத் திக்கு கிடக்கட்டும், அடுத்த தெருவுக்குக்கூடப் போயிருக்காது. நான் அவ்வளவு திறமையாக அணை கட்டியிருந்தேன்.

சரசு வாயிலிருந்து கையை எடுத்தாள். முணுமுணுப்பு வெளியே வந்ததற்கு அவள் வெட்கப்பட்டாள்தான். ஆனால் அந்த வரி அப்படிக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். பாத்திரம் கழுவும்போது முதுகுப்பக்கமிருந்து மட்டும் பார்த்திருக்கிறேன்.

அந்த மாலையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இது: லாரியில் ஏறி ஒயரைப் பிடுங்கினேன். பாட்டு செத்தது. அந்த அமைதியில் அவள் நேராகத் தலைவர் முன்னால் போய் நின்றாள். அறிவிப்புக்காக வைத்திருந்த மைக்கை ஒருவர் நீட்டினார். அதை அவள் வாங்கவில்லை.

பாடினாள். இசை இல்லை, மைக் இல்லை, கம்ப்ரஸர் இல்லை. மெல்லத் தொடங்கி, படிப்படியாக ஏறி, அந்த வரியில் வந்து முழுசாகத் திறந்தாள். வெள்ளம் வந்தால் கோத்தா திங்கி ஆறு எப்படி வருமென்று எனக்குத் தெரியும். சிவப்புக் கோடு எங்கே போனது என்றே தெரியாது. அப்படி வந்தது. தெருவின் மறுகோடியில் கடையை மூடிக்கொண்டிருந்தவர் கதவைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பெண்கள் கை குவித்தார்கள். முதல் முறையாக ஒரு முழுப் பாட்டும் என் காதுக்கு எந்தச் சேதாரமும் இல்லாமல் வந்து சேர்ந்தது.

முடித்தாள். எல்லோரும் தலைவரின் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். முத்தையா மாலையை அம்மனுக்குச் சாத்தினார். திரும்பி வந்தார். இரண்டு காதுகளிலும் விரலை விட்டு, இல்லாத பஞ்சை எடுப்பது போல் எடுத்துக் கீழே போட்டார்.

“எடுத்துட்டேன், அக்கா. இன்னொரு தடவ பாடுங்க.”

ரதம் தாமானைச் சுற்றி வரும்வரை ஒவ்வொரு தெருமுனையிலும் பாடினாள். பின்னாலேயே நான் பிடுங்கிய ஒயரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் எனக்கு முன்பின் தெரியாத பெண்கள் என்னைக் காட்டி, “இவருதான் அந்த ஆளு” என்று சொல்லிக்கொண்டார்கள்.

அந்தப் பாட்டுதான் இப்போது ரதப் பாட்டு. பிறகு கவிதா அதைப் புதிதாகக் கலந்து தந்தாள். கம்ப்ரஸரை அவளும் போட்டிருக்கிறாள், பெருங்காய அளவுக்கு. உச்ச வரி உச்சமாகவே இருக்கிறது. மூச்சு மூச்சாக இருக்கிறது. தலைவரைப் பற்றிய பகுதியை மரியாதைக்காக வெட்டிவிட்டாள். என்னைப் பற்றியதையும் வெட்டப் போனாள். கோவில் நிர்வாகம் கூடிப் பேசி, அது இருக்கட்டும் என்று ஏகமனதாக முடிவு செய்தது. ஒரே ஓர் ஆட்சேபணை வந்தது. அது என்னுடையது. நான் நிர்வாகத்தில் இல்லை.

ஆகவே வருடா வருடம், உடுக்கை மட்டும் தட்டும் அந்த இடம் வந்ததும் தாமானே கையைத் தூக்கி ஈ ஓட்டுகிறது. கிழவர்கள், குழந்தைகள், எதிர்வீட்டுச் சீனர், மாலையோடு தலைவர், எல்லோரும். எல்லோரும் ஒரே சமயத்தில் தொடங்குவதில்லை என்பதுதான் முதல் வருடம் என் மனதை உறுத்தியது. ஒழுங்கே இல்லை. இப்போது நான் ரதத்துக்கு முன்னால் நின்று கையை அசைத்துச் சைகை கொடுக்கிறேன். அதன் பிறகுதான் தொடங்குகிறார்கள். யாராவது ஒருவர் கொடுக்க வேண்டாமா?

அப்போது சரசு என்னைப் பார்க்கிறாள். உதடு அசைகிறது. காதுக் கருவியை நான் இப்போதெல்லாம் தினமும் போட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு நாள் மட்டும் அதை அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் வருகிறேன்.