எந்த உலகத்து உயிர்?

பிரிப்பவர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. தேடிப் போக வேண்டாம். வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். எதைப் பார்த்தாலும் அது எந்தப் பெட்டிக்குள் அடங்கும் என்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு. தெரியாவிட்டால் சோறு இறங்காது.

நம்மவர் உயிரியல் வாத்தியார். ஆகவே பெட்டிகள் தயாராகவே இருந்தன. உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்துப் பாடம் நடத்திப் பழகிய கை, பள்ளிக்கூடம் விட்ட பிறகும் ஓயாமல், நட்ட இடத்தில் நின்று தலையை மட்டும் ஆட்டும் தலைமையாசிரியரைத் தாவரத்திலும், நாள் முழுக்கத் தெருத்தெருவாய் ஓடி மேயும் வீட்டுத் தரகரை விலங்கிலும், கதவைத் திறக்காமலே தெருவெல்லாம் செய்தி பரப்பும் எதிர்வீட்டு அம்மாளைப் பாக்டீரியாக்களிலும் சேர்த்துவிட்டது. மைத்துனருக்கு மட்டும் பூஞ்சை. "நகராது, தனக்குன்னு சமைக்காது, ஒட்டுன எடத்துலயே உறிஞ்சும்" என்று இலக்கணம் வேறு சொல்வார். மனைவி பல்லைக் கடித்துக்கொள்வாள். தம்பியாயிற்றே!

இப்பேர்ப்பட்டவரின் மகள், தான் விரும்பியவனை வீட்டுக்கு அழைத்து வந்தால்? பையன் மறுநாள் வேலைக்காக வெளியூர் புறப்படுகிறான். இன்றே பதில் சொல்வதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

பிஸ்கட் தட்டை நீட்டிவிட்டு நோட்டம் விட்டார் வாத்தியார். பையன் தொடவில்லை. அள்ளித் தின்னக் கூடாது என்று மகள் முன்பே மிரட்டியிருந்தாள். ஜன்னல் வெயில் முகத்தில் அடித்தும் அசையவில்லை.

"தம்பி, சமைப்பீங்களா?"

"தினமும் நான்தான் சார் சமையல்."

போதாதா? வெயிலில் இருந்துகொண்டு தன் உணவைத் தானே தயாரிக்கும் உயிர். தாவரமேதான்! நிம்மதியாகத் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் பையன் எழுந்து, காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய், அங்கே வாத்தியாரின் மனைவி நீட்டிய கேக்கை ஒரே வாயில் விழுங்கினான்.

நடக்கிறது. விழுங்குகிறது. விலங்கா?

வாத்தியாருக்கு வியர்த்தது. வெளிச்சத்தில் செடிபோல் உணவு தயாரித்து, இருட்டில் பிராணிபோல் பிழைக்கும் யூக்ளினா என்ற ஒருசெல் உயிரை, எங்கும் அடங்காதவற்றுக்கென்றே உள்ள புரோட்டிஸ்டாவில் தள்ளிவிட்டு மணியடிக்கக் காத்திருப்பது அவர் வழக்கம். மருமகனை அப்படித் தள்ள முடியுமா?

"எதுலயும் அடங்க மாட்டேங்கறாரும்மா. இன்னும் கொஞ்ச நாள் யோசிக்கணும்."

"அப்பா! அவர் நாளைக்குக் கெளம்பறாரு!" மகளின் குரல் உடைந்தது.

அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப்பார்த்தாள். "அது கெடக்கட்டும். நீங்க எந்த உலகம்?"

"நானா?"

"காலைலேர்ந்து அந்த நாற்காலிய விட்டு நகரல. தனக்குன்னு ஒரு நாளும் சமைச்சதில்ல. ஒட்டுன எடத்துலயே..."

"போதும், போதும்."

"என் தம்பி பக்கத்துல எடம் காலியா இருக்கு. போய் உக்காந்துக்குங்க."

மகளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. வாத்தியார் அவளைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். எழுந்தார். விறுவிறுவென்று அடுக்களைக்குள் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். பிறகு, அலமாரியில் வரிசையாக நின்ற டப்பாக்களின் முன் திகைத்து நின்றார். உலகத்தையே பிரித்தவருக்குத் தன் வீட்டு டப்பா ஒன்றுகூடத் தெரியவில்லை.

"மாப்பிள்ளை, தேயிலை எதுல இருக்கு?"

கூடத்தில் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதில் கிடைத்துவிட்டது. தேயிலையும் கிடைத்தது, மாப்பிள்ளைதான் எடுத்துக் கொடுத்தார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. இதை நீங்கள் இருந்த இடத்தைவிட்டு நகராமல் படித்து முடித்துவிட்டீர்கள். பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கிறதே டீ, அது யார் போட்டது?